மயிர்க்காலைத் தேடும் ஒளி

புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் குன்றில், ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில், சமணத் துறவியருக்கென வெட்டப்பட்ட 17 கற்படுக்கைகளைக் காணலாம். சமணத் துறவியர் தலைமயிரைக் கத்தியால் மழிப்பதில்லை, கையாலேயே பறித்தெடுப்பர். சில மாதங்களில் அது மீண்டும் வளர்ந்துவிடும், மீண்டும் பறிப்பர். வேரோடு பறித்த மயிர் ஏன் மீண்டும் முளைக்கிறது?

தோலுக்கு வெளியே நாம் காணும் மயிர் உயிரற்ற இழையே. அதனை உண்டாக்கும் உயிரணுக்கள் தோலுக்குள் மயிர்க்காலில் உள்ளன. மழித்தாலும், மெழுகிட்டு இழுத்தாலும், நூலால் எடுத்தாலும் மயிர்க்கால் அழிவதில்லை. ஆகவே, முகத்திலும் கைகளிலும் வளரும் வேண்டாத மயிரை நெடுங்காலத்திற்கு நீக்க வேண்டுமானால், தோலைக் கெடுக்காமல் மயிர்க்காலை மட்டும் அழித்தல் வேண்டும்.

இது எளிதன்று. 1896இல் வியன்னா மருத்துவர் லியோபோல்ட் ஃபிராய்ண்ட், ஒரு சிறுமியின் முதுகிலிருந்த மயிரடர்ந்த மச்சத்தின்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தினார். மயிர் உதிர்ந்தது; தோலும் புண்ணாயிற்று. பின்னர் 1920களில் அமெரிக்க அழகு நிலையங்களிலும் இக்கதிர்கள் புகுந்தன. அவற்றை நாடிய பெண்கள் பலருக்கு ஆண்டுகள் கழித்துத் தோல் புற்றுநோய் கண்டது. அம்முறை கைவிடப்பட்டது.

பாதுகாப்பான வழி ஒன்று அதற்கு முன்பே இருந்தது. 1875இல் அமெரிக்கக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், கண்ணை உறுத்தும் இமைமயிரை மின்னாற்பகுப்பால் நீக்கினார். மெல்லிய ஊசியை மயிர்க்காலில் நுழைத்து, எதிர்மின்வாயாக்கி, ஒரே திசையில் பாயும் சிறு மின்னோட்டத்தைச் செலுத்துவர். அங்குள்ள உப்புநீர் சிதைந்து எரிசோடா உண்டாகி, மயிர்க்காலை அரித்துவிடும். நரைமயிருக்கும் இது பயன்படும். ஆனால் ஒவ்வொரு மயிராகச் செய்ய வேண்டியிருப்பதால் காலம் மிகுதியாகும்.

லேசர் முறையின் அடிப்படையை 1983இல் ஆண்டர்சன், பாரிஷ் என்னும் இருவர் விளக்கினர். கருமை ஒளியை உட்கொண்டு சூடேறும். மயிரிலுள்ள மெலனின் நிறமி லேசர் ஒளியால் சூடாகி, அவ்வெப்பம் மயிர்க்காலைத் தாக்குகிறது. நிறமியற்ற நரைமயிருக்கு இதனால் பயனில்லை.

இங்கேதான் நம்மவர் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. நமது மாநிறத் தோலிலும் மெலனின் மிகுதி. லேசர் ஒளிக்கு மயிரென்றும் தோலென்றும் வேறுபாடு தெரியாது. தோலும் வெந்து தழும்பாகலாம். அலைநீளம் கூடக்கூட மெலனின் ஒளியை உட்கொள்வது குறையும். ஒளியும் ஆழமாகச் செல்லும். எனவே கருந்தோலுக்கு 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசரைவிட, 1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசரே தீங்கு குறைந்தது. ஒளித்துடிப்பைச் சில பத்து மில்லிசெகண்டு நீட்டி, மேல்தோலைக் குளிரவைத்தால், மெல்லிய மேல்தோல் வெப்பத்தை இழந்துவிடும். பருத்த மயிர்க்கால் அதைத் தக்கவைத்துக்கொள்ளும்.

ஒரே தடவையில் இது முடிவதில்லை. வளர்பருவத்திலுள்ள மயிர்க்கால்களே முழுமையாகத் தாக்கப்படுகின்றன, மற்றவை உறங்குகின்றன. ஆகவே சில வார இடைவெளியில் பலமுறை செய்ய வேண்டும். அப்போதும் மயிர் பெரிதும் குறையுமேயன்றி, அறவே ஒழியும் என்பதற்கு உறுதியில்லை.

பெண்களுக்கு முகவாயில் திடீரென மயிர் அடர்ந்து, மாதவிலக்கும் முறைதவறினால், அது சினைப்பை நீர்க்கட்டி போன்ற ஹார்மோன் கோளாற்றின் அறிகுறியாகலாம். முதலில் மருத்துவரைக் காண்க. லேசர் செய்துகொள்வோர், “எந்த அலைநீளம்? என் தோலின் நிறத்திற்கு ஏற்றதா? முதலில் சிறிய இடத்தில் சோதிப்பீர்களா?” என்று கேட்கத் தயங்க வேண்டா. விடை சொல்லத் தெரியாதவரிடம் தோலை ஒப்படைக்கலாகாது.