தெளிவுக் கனவு

தெளிவுக் கனவு என்பது, ஒருவர் உறக்கத்தில் இருக்கும்போதே தாம் காண்பது கனவு என்பதை உணர்ந்திருக்கும் கனவு ஆகும். ஆங்கிலத்தில் இது லூசிட் டிரீம் எனப்படுகிறது. சாதாரணக் கனவில் மறைந்துபோன உறவினர் வந்து பேசினாலும், வீட்டு வாசலில் கடல் இருந்தாலும் கனவு காண்பவர் அதை வியப்பாகக் கொள்வதில்லை. தெளிவுக் கனவில் "இது கனவு" என்னும் அறிவு கனவின் உள்ளேயே தோன்றுகிறது.

இவ்வறிவே தெளிவுக் கனவின் அடிப்படை இயல்பு ஆகும். கனவை விருப்பப்படி மாற்றும் ஆற்றல் அதன் கட்டாயக் கூறு அன்று. கனவு என்று அறிந்தும் அதன் போக்கை மாற்ற இயலாதோர் பலர் உள்ளனர். ஏறத்தாழ 50 ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்து 2016 இல் வெளியான பகுப்பாய்வு ஒன்றின்படி, மக்களில் ஏறக்குறைய 55 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு முறையேனும் தெளிவுக் கனவு கண்டுள்ளனர். 23 விழுக்காட்டினர் மாதம் ஒரு முறையோ அதற்கு மேலோ காண்கின்றனர்.

தெளிவுக் கனவு பயிற்சியால் வளர்த்துக்கொள்ளத்தக்க ஒரு திறன் ஆகும். தொடக்க நிலையில் இது பெரும்பாலும் நினைவாற்றல் சார்ந்த பயிற்சியாகவே அமைகிறது. கண்ட கனவை நினைவில் வைத்திருத்தல், இனிக் காணப்போகும் கனவில் "இது கனவு" என்பதை நினைவுகூர்தல் ஆகிய இரண்டுமே இதன் அடித்தளங்கள்.

பெயர்

இத்தொடரைப் பரவலாக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த எழுத்தாளரும் மனநல மருத்துவருமான பிரெடெரிக் வான் ஈடன் ஆவார். இவர் 1898 முதல் 1912 வரை தாம் கண்ட 352 தெளிவுக் கனவுகளைக் குறித்து வைத்து, 1913 இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். இங்கு தெளிவு என்பது காட்சியின் துலக்கத்தைக் குறிப்பதன்று. அறிவின் தெளிவைக் குறிப்பது. மிகத் துல்லியமான காட்சிகளைக் கொண்ட கனவும், அது கனவென்று அறியப்படாதவரை, தெளிவுக் கனவு ஆகாது.

வரலாறு

உறங்குபவரின் உள்ளத்தில் ஏதோ ஒன்று, தோன்றுவது கனவே என்று சில வேளைகளில் உரைப்பதைக் கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டில் கனவுகள் பற்றிய தம் நூலில் குறிப்பிட்டுள்ளார். திபெத்திய பௌத்தத்தில், நரோபாவின் ஆறு யோகங்களுள் ஒன்றாகக் கனவு யோகம் பயிலப்பட்டு வருகிறது. அதன் நோக்கம் பொழுதுபோக்கு அன்று. கனவைப் போலவே நனவுலகத் தோற்றங்களும் நிலையற்றவை என்பதை உணர்தலே ஆகும்.

பிரெஞ்சு நாட்டின் சீனவியல் அறிஞரான எர்வே த சான் தெனி, சிறு வயதிலேயே தம் கனவுகளைக் குறிக்கத் தொடங்கினார். கனவுகளையும் அவற்றை நெறிப்படுத்தும் வழிகளையும் பற்றிய அவருடைய நூல் 1867 இல் ஆசிரியர் பெயரின்றி வெளியாயிற்று.

அறிவியல் சான்று

தெளிவுக் கனவை நீண்ட காலம் பல அறிவியலாளர் ஏற்கவில்லை. கனவு கண்டவர் விழித்தெழுந்த பின் கூறும் சொல் ஒன்றே சான்றாக இருந்தது. அவர் இடையில் சற்று விழித்திருக்கலாம், அல்லது விழித்த பின் அவ்வாறு எண்ணியிருக்கலாம் என்ற ஐயத்தை நீக்க வழியில்லாதிருந்தது.

இச்சிக்கலுக்கான தீர்வு உறக்கத்தின் இயல்பிலிருந்தே கிடைத்தது. 1953 இல் அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகியோர் உறக்கத்தின் ஒரு கட்டத்தில் கண்கள் இமைகளுக்குள் விரைந்து அசைவதை அறிவித்தனர். இது விரைவு விழியசைவு உறக்கம் எனப்படும். தெளிவான கனவுகள் பெரும்பாலும் இக்கட்டத்திலேயே நிகழ்கின்றன. அப்போது உடலின் பெரும்பாலான தசைகள் செயலிழந்து தளர்ந்திருக்கும். ஆனால் கண்களை அசைக்கும் தசைகள் இயங்கும். எனவே கனவு காண்பவர், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட முறையில் கண்களை இடமும் வலமுமாக அசைத்து, "கனவு என அறிந்துகொண்டேன்" என்று உறக்கத்திலிருந்தே குறிப்பு அனுப்ப இயலும்.

இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் 1975 ஏப்ரல் 12 அன்று, ஆலன் வோர்ஸ்லி என்பவரிடமிருந்து இத்தகைய குறிப்பை முதன்முதலாகப் பதிவு செய்தார். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லாபெர்ஜ் தனியாக இதே முறையைக் கையாண்டு, 1981 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். மூளை மின்னலைப் பதிவும் தசைப் பதிவும் உறக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோதே விழிக்குறிப்பு வந்ததால் பழைய ஐயம் நீங்கியது.

2021 இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் நான்கு ஆய்வுக் குழுக்கள், கனவு காண்பவரிடம் கேள்வி கேட்டு விடை பெறவும் இயலும் எனக் காட்டின. 36 பேர் பங்குகொண்ட இவ்வாய்வில் 158 முயற்சிகளுள் 18.4 விழுக்காட்டில் சரியான விடை கிடைத்தது. எட்டிலிருந்து ஆறைக் கழிக்கச் சொன்னபோது ஒருவர் இரண்டு முறை கண்களை அசைத்து விடையளித்தார்.

உறக்கச் சுழற்சியும் நேரமும்

உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடங்கள் கொண்ட சுழற்சிகளாக நிகழ்கிறது. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கம் மிகுந்தும், விரைவு விழியசைவுக் கட்டம் சில நிமிடங்களே நீடித்தும் காணப்படும். விடியலை நெருங்கும்போது இக்கட்டம் நீளுகிறது. ஆகவே தெளிவுக் கனவுக்கு ஏற்ற வேளை இரவின் கடைசி மூன்றில் ஒரு பங்கு ஆகும். குறைவாக உறங்குபவர் இப்பகுதியையே இழக்கின்றார். போதிய உறக்கம் இல்லாதவருக்கு எந்தப் பயிற்சியும் பயன்தருவது அரிது.

பயிற்சி முறைகள்

கனவுக் குறிப்பேடு

முதற்படி, கனவை மறவாதிருத்தல். விழித்தவுடன் அசையாமல் கண்களை மூடியபடி, கடைசியாகக் கண்ட காட்சியிலிருந்து பின்னோக்கி நினைவுகூர்தல் வேண்டும். பின்னர் எழுந்து வேறு செயலில் ஈடுபடுமுன் அதனை எழுதிவிட வேண்டும். ஓரிரு சொற்களே நினைவில் இருந்தாலும் அவற்றைக் குறித்தல் நன்று. தொடர்ந்து எழுதி வந்தால், நினைவில் நிற்கும் கனவுகளின் எண்ணிக்கை கூடுவதைக் காணலாம்.

சில வாரக் குறிப்புகளைப் படித்தால், மீண்டும் மீண்டும் வரும் கூறுகள் புலப்படும். முடித்துவிட்ட தேர்வை மறுபடி எழுதுதல், தவறவிட்ட பேருந்து, பழைய வீடு போன்றவை எடுத்துக்காட்டுகள். இவை கனவு அடையாளங்கள் எனப்படும். இவை ஒருவருக்கொருவர் வேறுபடும். அடுத்த கனவை இனங்காண உதவும் தடயங்கள் இவையே.

நனவுச் சோதனை

"இப்போது நான் கனவு காண்கிறேனா?" என்று பகலில் பலமுறை வினவி, சோதித்துப் பார்க்கும் பழக்கம் இது. ஜெர்மானிய உளவியலாளர் பவுல் தோலி இத்தகைய வினவலை ஒரு முறையாக வளர்த்தார். பொதுவாகக் கையாளப்படும் சோதனைகள்:

1. மூக்கை விரல்களால் மூடிக்கொண்டு மூச்சை உள்ளிழுக்க முயலுதல். கனவில் மூச்சு தடையின்றிச் செல்லக்கூடும்.
2. ஒரு வரியைப் படித்து, பார்வையை விலக்கி, மீண்டும் படித்தல். கனவில் எழுத்துகள் மாறிவிடுவது இயல்பு.
3. கடிகாரத்தை இருமுறை பார்த்து நேரத்தை ஒப்பிடுதல்.
4. கைவிரல்களை எண்ணிப் பார்த்தல்.

சோதனையைக் கடமைக்காகச் செய்வதில் பயனில்லை. கனவிலும் அதே கவனமின்மையுடன் செய்து, "நனவுதான்" என்று முடிவு கட்டும் வாய்ப்பு உண்டு. தாம் இருக்கும் இடத்துக்கு எவ்வாறு வந்தோம் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பது சோதனையை வலுப்படுத்தும்.

இடையில் எழுந்து மீண்டும் உறங்குதல்

படுத்து ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழித்து எழுந்து, சிறிது நேரம் விழித்திருந்து, பின் மீண்டும் உறங்குவது இம்முறை. மனம் விழிப்புற்ற நிலையில், விரைவு விழியசைவுக் கட்டம் மிகுந்த வேளைக்குள் நுழைவதே இதன் நோக்கம்.

நினைவேற்ற முறை

இது லாபெர்ஜ் உருவாக்கிய முறை. கடைக்குப் போகும் வழியில் கடிதத்தை அஞ்சல் பெட்டியில் இட வேண்டும் என்று முன்கூட்டியே நினைவில் நிறுத்துவது போன்ற, வருங்காலச் செயலுக்கான நினைவாற்றலை இது பயன்படுத்துகிறது.

1. கனவிலிருந்து விழித்தவுடன் அக்கனவை முழுமையாக நினைவுகூர்க.
2. அதில் ஒரு கனவு அடையாளத்தைத் தெரிந்தெடுக்க.
3. "அடுத்த முறை கனவு காணும்போது, அது கனவு என்பதை நினைவுகூர்வேன்" என்று உறங்குமுன் பொருளுணர்ந்து மனத்துள் கூறுக.
4. அதே கனவுக்குள் இருப்பதாகவும், அந்த அடையாளத்தைக் கண்டு கனவென அறிவதாகவும் கற்பனை செய்க.
5. இவ்வெண்ணமே கடைசி எண்ணமாக உறங்குக.

ஆஸ்திரேலியாவில் டென்ஹோம் ஆஸ்பி நடத்தி 2017 இல் வெளியிட்ட ஆய்வில், நனவுச் சோதனை, இடையில் எழுதல், நினைவேற்ற முறை ஆகிய மூன்றையும் இணைத்துச் செய்தோர் ஒரு வாரத்தில் ஏறத்தாழ 17 விழுக்காட்டு முயற்சிகளில் வெற்றி கண்டனர். நினைவேற்ற முறையை முடித்த ஐந்து நிமிடங்களுக்குள் உறங்கியோரிடம் இது 46 விழுக்காடாக இருந்தது. நனவுச் சோதனையை மட்டும் செய்ததில் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. அதாவது, மூன்றையும் இணைத்துச் செய்தவருக்கும் பெரும்பாலான இரவுகளில் தெளிவுக் கனவு வாய்ப்பதில்லை. சில நாட்கள் வாய்க்காததைத் தோல்வியாகக் கொள்ள வேண்டியதில்லை.

கனவில் நிலைத்திருத்தல்

கனவு என்று அறிந்த மகிழ்ச்சியிலேயே விழித்துவிடுவது தொடக்க நிலையினரிடம் பொதுவாகக் காணப்படுகிறது. அமைதியாக இருத்தல், கனவில் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்தல், அருகிலுள்ள பொருள்களைத் தொட்டுப் பார்த்தல் ஆகியவை கனவை நீடிக்க உதவுவதாகக் கூறப்படுகிறது. முதல் முயற்சிகளில் பறக்கவோ காட்சியை மாற்றவோ முனையாமல், சுற்றிலும் பார்த்துக் கவனித்தலே போதுமானது.

விழித்துவிட்டதாகக் கனவு காண்பதும் உண்டு. இது பொய் விழிப்பு எனப்படும். எனவே விழித்தெழும் ஒவ்வொரு முறையும் நனவுச் சோதனை செய்வது பயனுடையது.

பயன்கள்

அடிக்கடி வரும் கொடுங்கனவுகளைக் குறைப்பதில் இப்பயிற்சி ஆராயப்பட்டுள்ளது. துரத்தும் உருவம் கனவே என்று அறிந்தவர், ஓடுவதை நிறுத்தித் திரும்பி நிற்க இயலும். 2006 இல் நெதர்லாந்தில் நடந்த சிறு ஆய்வொன்றில், இப்பயிற்சி பெற்றோரின் கொடுங்கனவுகள் குறைந்தன. உடற்செயல்களைக் கனவில் பயிலுதலும் ஆராயப்பட்டது. 2010 இல் வெளியான ஓர் ஆய்வில், நாணயத்தைக் குவளைக்குள் எறிவதைத் தெளிவுக் கனவில் பயின்றவர்கள் விழித்த பின் அதில் முன்னேற்றம் காட்டினர்.

எச்சரிக்கைகள்

இடையில் எழும் முறை உறக்கத்தைக் குலைக்கும். அதனை நாள்தோறும் செய்யாமல், மறுநாள் நேரம் கழித்து எழ வாய்ப்புள்ள விடுமுறை நாட்களில் மட்டும் செய்வது தகும். தேர்வுக் காலத்தில் மாணவர்கள் இதனைத் தவிர்த்தல் நன்று. உறக்கக் குறைவு பாதிப்பது, இப்பயிற்சிக்கே தேவையான நினைவாற்றலைத்தான்.

விழிக்கும்போதோ உறங்கத் தொடங்கும்போதோ உடலை அசைக்க இயலாத நிலை சிலருக்கு ஏற்படும். இது உறக்க வாதம் எனப்படும். அச்சந்தரும் தோற்றங்கள் சேர்ந்து வந்தாலும், இது சிறிது நேரத்தில் தானே நீங்கிவிடும்.

கேலன்டமைன் என்னும் மருந்து தெளிவுக் கனவின் வாய்ப்பைக் கூட்டுவதாக 2018 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இது ஆல்சைமர் நோய்க்குரிய மருந்து, பக்கவிளைவுகள் உடையது. மருத்துவரின் அறிவுரையின்றி இதனை உட்கொள்ளலாகாது.

உளப்பிணி உடையோரும், நனவையும் கற்பனையையும் பிரித்தறிவதில் இடர்ப்படுவோரும் இப்பயிற்சியில் இறங்குமுன் மருத்துவரை அணுக வேண்டும். உயரத்திலிருந்து குதித்தல், சாலையில் இறங்கி நிற்றல் போன்ற ஊறு விளைவிக்கும் எதனையும் நனவுச் சோதனையாகக் கொள்ளக் கூடாது. சோதனையின் முடிவு தவறினாலும் தீங்கு நேராததே தக்க சோதனை ஆகும்.