அட்ரீனல் கட்டி: அறுவைக்கு முன் கேட்க வேண்டியவை

இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் உட்கார்ந்திருக்கும் சிறு சுரப்பி அட்ரீனல். அதன் புறப்பகுதியில் தோன்றும் புற்றுநோய், ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கே வருகிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையும் நாற்பது, ஐம்பதுகளில் இருப்பவர்களையும் அது அதிகம் தாக்குகிறது. இத்தனை அரிய நோயைப் பற்றிச் சொல்லி மக்களைக் கலங்கடிக்க வேண்டுமா என்று கேட்கலாம். சொல்லத்தான் வேண்டும். இந்த நோயில் பிழைப்புக்கான பெரிய வாய்ப்பு முதல் அறுவையில்தான் இருக்கிறது. கட்டி பரவுவதற்கு முன், உறை கிழியாமல், முழுதாக வெளியே வர வேண்டும். அந்த ஒரு வாய்ப்பு அவசரத்திலோ அறியாமையிலோ வீணாகக் கூடாது.

இக்கட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை ஹார்மோனை மிகையாகச் சுரக்கின்றன. கார்டிசால் கூடினால் முகம் உப்பும், வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழும், தொடைத் தசை வலுவிழந்து தரையிலிருந்து எழவே சிரமமாகும், பிரஷரும் சர்க்கரையும் திடீரென ஏறும். ஆண் ஹார்மோன் கூடினால் பெண்களுக்கு மீசை அரும்பும், குரல் கட்டையாகும், மாதவிடாய் நிற்கும். குழந்தைகள் வயதுக்கு முன்பே பருவமடைவார்கள். பிரஷருக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, முகத்து முடிக்கு வேறொரு மருத்துவர் என்று இவற்றைப் பிரித்துப் பார்ப்பதுதான் ஆபத்து. சில மாதங்களுக்குள் இவை சேர்ந்து வந்தால் ஹார்மோன் சிறப்பு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

புற்றுநோய் என்று சந்தேகம் வந்தபின் பரிசோதனை என்று நாளைக் கடத்துவதா என்ற ஆதங்கம் நியாயமானது. ஆனால் ஹார்மோனை அளக்கும் ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளுக்குச் சில நாள்களே ஆகும். அவற்றைத் தவிர்ப்பதன் விலை பெரிது. அட்ரீனலின் உட்பகுதியில் வரும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற வேறொரு கட்டியில், முன்னேற்பாடின்றி ஊசியோ கத்தியோ பட்டால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக எகிறலாம். கார்டிசால் சுரக்கும் கட்டியை அறியாமல் அகற்றினால், உறங்கிப்போன மறுபக்கச் சுரப்பி ஈடுகொடுக்காமல் நோயாளி சரிந்துவிடலாம். மற்றப் புற்றுநோய்களில் வழக்கமான ஊசித் திசுப் பரிசோதனை இங்கே பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. அது தெளிவான விடை தருவது குறைவு. அதே ஹார்மோன் பரிசோதனைகள் ஆறுதலும் தரும்: வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும் அட்ரீனல் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை.

மருத்துவரைக் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று குடும்பங்கள் தயங்குகின்றன. கேட்பது சலுகையன்று, உரிமை. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் நெறிமுறைகள். இரண்டாவது கருத்துப் பெறுவதை, தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டியலும் ஏற்கிறது. மறுத்தால் மாநில மருத்துவ கவுன்சிலில் முறையிடலாம்.

அறுவைக்குப் பின், நோய் திரும்பும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கு மைட்டோடேன் மாத்திரை தரப்படுகிறது. அது அட்ரீனல் செல்களையே அழிப்பதால் கூடவே ஸ்டீராய்டும் தேவை. அந்த ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. குழந்தைக்கு இந்நோய் வந்தால் டிபி53 மரபணுப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். பிறழ்வு பரம்பரையாக இருந்தால் உடன்பிறந்தவர்களையும் கண்காணிக்க வேண்டியிருக்கும். ஸ்கேன் அறிக்கையில் அட்ரீனல் கட்டி என்று எழுதியிருந்தால், ஹார்மோன் பரிசோதனை முடிவுகளைப் பார்க்காமல் அறுவைக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள்.