மணல் பழுப்பானால் மருந்தைத் தேடாதீர்கள்

வீட்டில் மீன் வளர்ப்பது பற்றிய நம் கலந்துரையாடலில் இந்த வாரம் கடல்நீர்த் தொட்டியைப் பற்றிப் பேசுவோம்.

வரவேற்பறையில் ஓர் இரண்டடித் தொட்டி. வெண்மணல், நான்கைந்து பாறைகள், அவற்றுக்கிடையே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கோமாளி மீன்கள். பிள்ளைகள் அவற்றுக்கு ‘நீமோ’ என்று பெயரும் வைத்துவிடுவார்கள். ஒரு மாதம் வரை எல்லாம் நன்றாக இருக்கும். பிறகு ஒரு நாள், வெண்மணலின் மேல் மல்லித்தூளைத் தூவியதுபோல் பழுப்பு படிந்திருக்கும். துடைத்தால் போய்விடும், மறுநாளே திரும்பவும் வந்துவிடும்.

இந்தக் கட்டத்தில்தான் பலர் பதறிவிடுகிறார்கள். சிலர் பாசிக்கொல்லி மருந்தை வாங்கி ஊற்றுகிறார்கள். சிலர் தொட்டியைக் காலி செய்து, மணலைக் குழாய்நீரில் அலசி, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்களே, அதுதான் இங்கும் நடக்கிறது. பழுப்புப் பாசி மீனைக் கொல்வதில்லை. அதை விரட்ட நாம் செய்யும் காரியம்தான் பெரும்பாலும் கொல்கிறது.

எப்படி என்று கேட்கிறீர்களா? மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அம்மோனியாவாக மாறுகின்றன. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. மணலிலும் பாறையிலும் குடியேறும் நல்ல பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை பெருகுவதற்கு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நம் குழாய்நீரில் கிருமிகளை அழிப்பதற்காகக் குளோராமின் சேர்க்கப்படுகிறது. மணலை அதில் அலசினால் நல்ல பாக்டீரியாக்களும் மடியும். அடுத்த சில நாட்களில் அம்மோனியா ஏறி, மீன் மேலே வந்து மூச்சுத் திணறும். செம்பு கலந்த பாசிக்கொல்லியோ நத்தை, இறால், பவளம் ஆகியவற்றுக்கு எமன். கடலிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட உயிர்களுக்கு இந்த முடிவு நியாயமா?

சரி, இந்தப் பழுப்புத்தான் என்ன? இதன் பெயர் டயாட்டம். ஒரே செல் கொண்ட நுண்ணுயிர். கண்ணாடிக்கு மூலப்பொருளான சிலிக்காவைக் கொண்டே தனக்கு ஓடு கட்டிக்கொள்கிறது. இதை அற்பமாக எண்ண வேண்டாம். உலகில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் உயிர்வாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதன் உழைப்பு. ஆல்ஃபிரட் நோபல் 1867ல் காப்புரிமை பெற்ற டைனமைட்டில், வெடிநீர்மத்தை உறிஞ்சி வைத்திருந்ததும் பழங்கால டயாட்டம் ஓடுகள் படிந்து உருவான மண்தான்.

ஓடு கட்டச் சிலிக்கேட் வேண்டும். அது குழாய்நீரில் கரைந்து வருகிறது. புதிய மணலிலிருந்தும் பாறையிலிருந்தும் சிறிதளவு கசிகிறது. புதிய தொட்டியில் போட்டிக்கு வேறு பாசி இல்லாததால் டயாட்டம் முந்திக்கொள்கிறது. இருக்கும் சிலிக்கேட் தீர்ந்ததும் சில வாரங்களில் தானே மறைந்துவிடும்.

மறையவில்லையென்றால் எங்கிருந்தோ சிலிக்கேட் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நம் ஊர் வெயிலில், அதுவும் தொட்டியைக் குளிர்விக்க மின்விசிறி வைத்திருந்தால், தினமும் நீர் ஆவியாகிக் குறையும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பும் சிலிக்கேட்டும் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவைக் குழாய்நீரால் நிரப்பினால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சிலிக்கேட் கூடுகிறது. குளோரின் நீக்கும் திரவம் இதை அகற்றாது.

ஆகவே செய்ய வேண்டியவை இவைதாம். நிரப்புவதற்கும் உப்பு கலப்பதற்கும் சவ்வும் அயனி நீக்கும் பிசினும் கொண்ட வடிகட்டியின் நீரைப் பயன்படுத்துங்கள். கரைபொருள் மானி பூஜ்யம் காட்ட வேண்டும். பிசின் தேயும்போது முதலில் நழுவி வருவனவற்றில் சிலிக்காவும் ஒன்று. ஆகவே அதை உரிய காலத்தில் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை பத்து முதல் பதினைந்து விழுக்காடு நீரை மாற்றுங்கள். அப்போதே மணலின் மேற்பரப்பில் உள்ள பழுப்பைக் குழாய் வைத்து மெதுவாக உறிஞ்சி எடுங்கள். விளக்கு நாளுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். மீன் இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மட்டும் உணவு கொடுங்கள். பாசி தின்னும் நத்தைகள் சிலவற்றை விட்டால் அவையும் கை கொடுக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழுப்பாக இருப்பதெல்லாம் டயாட்டம் அல்ல. அரக்குச் சிவப்பில், ஆடைபோல் உரிந்து வந்தால் அது சயனோபாக்டீரியா. கோழைபோல் நூல் நூலாகத் தொங்கி, இடையிடையே காற்றுக் குமிழ்கள் தெரிந்து, பகலில் கூடி இரவில் குறைந்தால் அது டைனோஃபிளாஜெல்லேட் ஆக இருக்கலாம். இதில் சில வகைகள் நஞ்சுள்ளவை; தின்ற நத்தைகள் மாண்டுபோகும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அந்தக் கோழையைத் தொட்டி நீரோடு ஒரு புட்டியில் எடுத்து நன்றாகக் குலுக்குங்கள். கோப்பி வடிகட்டும் காகிதத்தில் வடித்து, வடிந்த நீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடியும் நூலாகத் திரண்டால் டைனோவாக இருக்க வாய்ப்பு அதிகம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு இறங்கிய, அளவுக்கு மீறிச் சுத்தமான தொட்டியில் இது அடிக்கடி தலைதூக்கும். அங்கே நீரை மாற்றி மாற்றிச் சுத்தம் செய்தால் நோய் முற்றும். டயாட்டத்துக்குச் சொன்ன வைத்தியத்தை இதற்குச் செய்யக் கூடாது என்பதை மனத்தில் வையுங்கள்.

எனவே, மணல் பழுப்பானால் முதலில் தொட்டியின் வயதைக் கணக்கிடுங்கள். அடுத்து அந்தப் படிவைத் தொட்டுப் பாருங்கள்: தூளா, ஆடையா, நூலா? பிறகு அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள். இரண்டும் பூஜ்யமாக இருந்து, மீன் உற்சாகமாக நீந்தினால், தூளாகப் படிந்த பழுப்பைக் கண்டு கவலைப்பட ஒன்றுமில்லை. தொட்டி முதிர்ந்துகொண்டிருக்கிறது, அதற்குத் தேவை மருந்தல்ல, நல்ல நீரும் சில வார அவகாசமும்தான்.

மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம்.