மாடியில் வெயில், வீட்டில் புழுக்கம்!

மொட்டை மாடியில் 6 சோலார் பேனல்கள் பளபளக்கின்றன. வெயில் கொளுத்துகிறது. ஆனால் வீட்டுக்குள் மின்விசிறி சுற்றவில்லை!

தெருவில் கரண்ட் போய்விட்டது. அதோடு இந்த வீட்டிலும் போய்விட்டது.

"இவ்வளவு பணம் போட்டோமே, எதற்குங்க?" என்று கேட்கிறாள் மனைவி. கணவர் திருதிரு என்று விழிக்கிறார்.

சோலார் வைத்த பல வீடுகளில் நடக்கும் கதை இது. பேனலில் கோளாறு இல்லை. அவர்கள் வாங்கியது பேட்டரி இல்லாத இன்வர்ட்டர்.

ஏன் நிற்கிறது?

பேனலில் பிறக்கும் மின்சாரம் வேறு. நம் வீட்டுக் கம்பியில் ஓடும் மின்சாரம் வேறு. ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கொடுக்கும் பெட்டிதான் இன்வர்ட்டர்.

பேட்டரி இல்லாத இன்வர்ட்டர், மின்வாரியக் கம்பியோடு சேர்ந்து ஓடுவது. அங்கே கரண்ட் நின்றால் இதுவும் உடனே நிற்கும். நிற்கத்தான் வேண்டும்! இல்லாவிட்டால் வீட்டு மின்சாரம் தெருக் கம்பிக்குப் பாயும். பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறி இருக்கும் ஊழியரின் உயிர் போய்விடும்.

ஆகவே, கடைக்குப் போகும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். மின்கட்டணம் குறைய வேண்டுமா? கரண்ட் போனாலும் விளக்கு எரிய வேண்டுமா?

கட்டணம் குறைந்தால் போதும் என்றால் பேட்டரி வேண்டாம். பகலில் மிஞ்சும் மின்சாரம் வாரியத்துக்குப் போகும், கணக்கில் கழியும். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தரும் திட்டத்தை மத்திய அரசு 2024-ல் தொடங்கியது. அது வாரியக் கம்பியோடு சேர்ந்த அமைப்புக்குத்தான்.

இரண்டும் வேண்டும் என்பவர்கள், பேட்டரியோடும் வேலை செய்யும் 'ஹைபிரிட்' இன்வர்ட்டரைக் கேட்டு வாங்க வேண்டும். விலை கூடத்தான்.

பேட்டரிக் கணக்கு

சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கும். 2 விசிறிகள் 6 மணி நேரம் ஓடினால் 900 வாட்-மணி ஆகிறது.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. இரு மடங்கு இருக்கிறதே என்று நினைக்கலாம். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். பாதி என்றால் அதே 900தான்! இன்வர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். விடியும் முன்பே விசிறி நின்றால் ஆச்சரியம் இல்லை.

லித்தியம் பேட்டரியில் பெரும் பகுதியைச் செலவழிக்கலாம். தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. ஆனால் முதலில் கூடுதல் பணம் போட வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட்தான் இழுக்கும். பெரிய பேட்டரி வாங்குவதைவிட விசிறியை மாற்றுவது நல்லது!

நிழல் ஆகாது

1 கிலோவாட் பேனலுக்கு மாடியில் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். வெயில் நாளில் சுமார் 4 யூனிட் கிடைக்கும். தெற்கு பார்த்து வைக்க வேண்டும். பக்கத்துத் தென்னையின் ஓலை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும், கிடைக்கும் மின்சாரம் வெகுவாகக் குறைந்துவிடும்.

விழித்தாரே, அந்தக் கணவர்? இப்போது பேட்டரி விலை விசாரிக்கிறார். பேட்டரி மட்டும் வாங்கினால் போதாது. பெரும்பாலும் இன்வர்ட்டரையும் மாற்ற வேண்டி இருக்கும். அதை மனைவியிடம் அவர் இன்னும் சொல்லவில்லை.