குத்துக்கல்வலசையில் ஒரு பந்து வழக்கு

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால், அவரவருடைய அவசர வேலைகள் எல்லாம் தாமாகவே அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போய்விடுகின்றன. இந்த உலக வழக்கத்தை மீறுவதற்கு நாம் யார்? புறப்பட்டோம். ஐந்தருவியில் அன்று ஜனங்கள் பிரமாதமாய் விழுந்துகொண்டிருந்தார்கள். நடுநடுவே கொஞ்சம் தண்ணீரும் விழுந்தது. அதில் நமக்குரிய பங்கைப் பெற்றுக்கொண்டு, தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் நண்பர் ஒருவரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

மாலையில் மறுபடியும் தூற்றல். சாலை ஓரத்து டீக்கடை ஒன்றில் ஒதுங்கினோம். மழைக்காக ஒதுங்கினோம் என்று சொல்லிக்கொள்வது கௌரவமாயிருக்கும். உண்மையில், எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்த பருப்பு வடையின் வாசனைதான் நம்மைக் கையைப் பிடித்து இழுத்தது.

உள்ளே ஒரு பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. "எத்தனை கோடி கொடுத்து வாங்கினான், தெரியுமா?" என்றது ஒரு குரல். "கடைசி நாளில் ஒரே ஒரு புள்ளியில் அல்லவா தப்பியது!" என்றது மற்றொன்று. பூர்வீகச் சொத்துத் தகராறு போலும், இதில் நாம் தலையிடலாகாது என்று வடையைக் கவனிக்கத் தொடங்கினோம். சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது, வாதி பிரதிவாதி இருவருமே கால்பந்து ரஸிகர்கள் என்று.

சென்னைப் பட்டணத்தைத் தாண்டி, பந்தாட்டத்துக்குப் பேர்போன வியாசர்பாடியைத் தாண்டி, இந்த மலையடிவாரத்தில் இவ்வளவு ஆவேசம் எங்கிருந்து வந்தது என்று வியக்க வேண்டியதில்லை. இங்கிருந்து செங்கோட்டை கூப்பிடு தூரம். அந்தச் செங்கோட்டை 1956-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி வரையில் மலையாளச் சீமையோடு இருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்தில் அடிக்கும் காற்று சாரலை மட்டுமா கொண்டுவரும்? பந்துப் பைத்தியத்தையும் கொஞ்சம் கொண்டுவந்துவிடுகிறது.

வழக்கின் விவரம் வருமாறு. நீலச் சட்டை அணிந்த வாலிபர் ஒருவர், தமிழ்நாட்டின் தலைசிறந்த கால்பந்து வெற்றி சென்னையின் எப்.சி.யுடையதே என்று சாதித்தார். 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் அந்த அணி 2015-லும் 2018-லும் கோப்பையை வென்றிருக்கிறது. இரண்டு இறுதி ஆட்டங்களிலும் கணக்கு மூன்றுக்கு இரண்டு; இரண்டுமே எதிராளியின் சொந்த ஊரில், முதலில் கோவாவில், பிறகு பெங்களூரில். "எதிரி வீட்டு முற்றத்திலேயே போய் ஜயித்தவன் பெரியவனா, இல்லையா?" என்று மேஜையைத் தட்டினார். டீத் தம்ளர் துள்ளியது.

எதிர்க்கட்சி வாலிபர் ஒல்லியானவர். ஆனால் கையில் கைபேசி இருந்தது, கைபேசியில் அட்டவணை இருந்தது. இப்படிப்பட்ட ஆளோடு வாதாடுவது அபாயம். "2018-இல் லீக் ஆட்டங்கள் 18 முடிந்தபோது பெங்களூருக்கு 40 புள்ளி, உங்கள் சென்னைக்கு 32. எட்டுப் புள்ளி பின்னால் நின்றவன் ஓர் இரவு நன்றாக ஆடிவிட்டால் சாம்பியனா? எங்கள் சென்னை சிட்டியைப் பார். 20 ஆட்டம், 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. வருஷம் முழுவதும் ஓடி ஒரு புள்ளியில் ஜயித்தது!"

வீட்டிலுள்ள நேயர்களுக்கு இவ்விடத்தில் சிறிது விளக்கம் அவசியம். சென்னையின் வேறு, சென்னை சிட்டி வேறு. பின்னது ஐ-லீக் என்ற மற்றொரு தேசியப் போட்டியில் ஆடிய அணி. பெயர் சென்னையானாலும், சாம்பியனான ஸீஸனில் அது ஆடிய சொந்த மைதானம் கோயம்புத்தூரில். 2019 மார்ச் 9-ஆம் தேதி அங்கே கடைசி ஆட்டம். எதிரில் மினெர்வா பஞ்சாப், அதற்கு முந்திய வருஷத்துச் சாம்பியன். மூன்றாவது நிமிஷத்திலேயே பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அன்று அவர்கள் ஜயிக்கவும் செய்தார்கள். ஆகவே சென்னை சிட்டி தோற்றால் மட்டுமல்ல, சமன் செய்தாலும் எல்லாம் போயிற்று. இடைவேளைக்குப் பிறகு பெத்ரோ மன்ஸி என்ற ஸ்பெயின் தேசத்து வீரர் பெனால்டி உதையில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா என்ற நம் நாட்டு இளைஞர் ஒன்றல்ல, இரண்டு கோல் போட்டார். மூன்றுக்கு ஒன்று. அன்று கோயம்புத்தூரில் இல்லாமல் போனோமே என்று நமக்கு இன்றைக்கும் ஒரு குறை உண்டு.

"அதெல்லாம் சரி, வே!" என்றார் நீலச் சட்டை. "அந்த மன்ஸி ஒருத்தரே அந்த ஸீஸனில் 21 கோல். ஸ்பெயின்காரர்களை வரிசையாக இறக்கி ஆடிவிட்டுத் தமிழ்நாட்டு வெற்றி என்றால் எப்படி?"

அட்டவணைக்காரர் விடவில்லை. அவர்கள் ஸ்பெயினில் கீழ்ப் பிரிவுகளில் ஆடியவர்கள், பெரிய விலைக்காரர்கள் அல்ல, ஆளைத் தேர்ந்தெடுத்த கண்ணுக்குத்தான் பெருமை என்றார். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். சென்னைப் பையன் எட்வின் சிட்னி வான்ஸ்பால் நடுக்களத்தில் நின்று உழைத்தாரே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். ஆனால் அதே எட்வின் அடுத்த ஸீஸனில் சென்னையின் அணிக்குப் போய் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார் என்பதை நீலச் சட்டைக்காரர் ஞாபகப்படுத்தியபோது, அட்டவணை சிறிது நேரம் மௌனம் சாதித்தது.

மூலையில் அமர்ந்திருந்த ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர் இப்போது தொண்டையைக் கனைத்தார். "1911 ஜூலை 29" என்றார். அவ்வளவுதான்; வாலிபர்கள் இருவரும் அடங்கிவிட்டார்கள். கல்கத்தாவில் ஐ.எப்.ஏ. கேடய இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவின் வெள்ளைச் சிப்பாய்கள். மறு பக்கம் மோகன் பகான். பதினொரு பேரில் பத்துப் பேர் காலில் பூட்ஸ் கிடையாது. ஷிப்தாஸ் பாதுரி ஒன்று, அபிலாஷ் கோஷ் ஒன்று; இரண்டுக்கு ஒன்று என்று ஜயம். "டிரான்ஸ்பர் தொகை எவ்வளவு?" என்று மாஸ்டர் கேட்டார். பதில் சொல்வாரில்லை.

மாஸ்டருடைய கேள்வி அழகானதுதான். ஆனால் அதை அப்படியே ஒப்புக்கொள்ள நமக்கு மனமில்லை. வெறுங்காலோடு ஆடியதில் பெருமை உண்டு; வீரனுக்குச் சம்பளம் இல்லாததில் என்ன பெருமை? ஆளை விலைக்கு வாங்குவது நேற்று வந்த வழக்கமுமல்ல. மோகன் பகான் ஜயிப்பதற்கு ஆறு வருஷம் முன்பே, 1905-இல், ஆல்ப் காமன் என்ற வீரருக்காக மிடில்ஸ்பரோ கிளப் ஆயிரம் பவுன் கொடுத்தது. ஆயிரமா என்று இங்கிலாந்து முழுவதும் கூச்சல். 2017-இல் பிரேஸில் வீரர் நெய்மாருக்காகப் பாரிஸ் கிளப் கொடுத்தது 22.2 கோடி யூரோ. நம் பணத்தில் அப்போது ஆயிரத்து அறுநூறு கோடி ரூபாய்க்கு மேல். இப்போது கூச்சல் போடுவதற்கும் யாருக்கும் தெம்பில்லை.

பணம் ஜயிக்காத வருஷங்களும் உண்டு. 2016-இல் இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி சாம்பியனானபோது, ஸீஸன் தொடக்கத்தில் அதன்மேல் ஒன்றுக்கு ஐயாயிரம் என்று பந்தயம் வைத்திருந்தார்கள். பத்து லட்சம் பவுனுக்கு வாங்கிய வார்டி கோல்களாய்ப் போட்டுத் தள்ளினார். 81 புள்ளி, அடுத்த அணிக்கு 71. ஆனால் ஜயித்த மறு கோடையிலேயே பணக்காரக் கிளப் ஒன்று நடுக்களத்து முக்கிய வீரரைக் கொண்டுபோயிற்று. 2023-இல் லெஸ்டர் கீழ்ப் பிரிவுக்கே இறங்கியது. சிறிய வீட்டில் பெரிய விளக்கு ஏற்றினால் திருடனுக்கும் வழி தெரிந்துவிடுகிறது.

சென்னை சிட்டியின் கதையோ இதையும் விடப் பரிதாபம். சாம்பியனாவதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் கிளப் அதில் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. நல்ல காலம் பிறந்துவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். அடுத்த ஸீஸனின் நடுவிலேயே மன்ஸி ஜப்பானுக்குப் போய்விட்டார். ஒவ்வொருவராக மற்றவர்களும் போனார்கள். 2021-22 ஐ-லீக் தொடங்கியபோது அணிகளின் ஜாபிதாவில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. கோப்பை வாங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை! அந்த இரண்டு வருஷமும் அதே கோப்பையைத் தொடர்ச்சியாக வென்றது கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா.

"புள்ளி எத்தனை, கோல் எத்தனை, கோடி எத்தனை என்றெல்லாம் எண்ணினீர்களே; ஆட்டம் முடிந்த பிறகு ஊரில் மிஞ்சியது என்ன என்று ஏன் எண்ணவில்லை?" என்று நாம் கேட்டே விட்டோம். பிறர் வழக்கில் வாய் வைக்கக் கூடாது என்ற தீர்மானம் அதுவரைதான் தாங்கியது.

வாய் வைத்தது வைத்தோம், நமக்குத் தெரிந்த ஒரு சட்டத்தையும் சொன்னோம். வீரன் ஒருவன் ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஒரு தேசத்துக் கிளப்பிலிருந்து மற்றொரு தேசத்துக் கிளப்புக்கு விலை பேசப்பட்டுப் போனால், அந்தத் தொகையில் ஐந்து சதவீதம் அவனை வளர்த்தவர்களுக்குச் சேர வேண்டும். அவனுடைய 12 வயது முதல் 23 வயது வரையில் பழக்கிய கிளப்புகள் தங்களுக்குள் வருஷக் கணக்குப்படி பிரித்துக்கொள்ளும். உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதி இது. நெய்மாருடைய விலைக்கு இந்த ஐந்து சதவீதம் 1.11 கோடி யூரோ ஆகிறது. எண்பது கோடி ரூபாய்க்குக் குறையாது. ஒரு சிறிய ஊர் தலைமுறை தலைமுறையாக மைதானம் வைத்துக்கொள்ளப் போதும். ஆனால் அந்தப் பணம் பதிவு பெற்ற கிளப்புக்குத்தான் போகும். பதிவேடு இல்லாத பொட்டலில் ஓடிப் பழகியவனுக்காகப் பொட்டலுக்குப் பங்கு அனுப்ப யாராலும் முடியாது.

நம் பக்கத்துப் பையன் மைக்கேல் சூசைராஜை எடுத்துக்கொள்ளலாம். கன்னியாகுமரி ஜில்லாவின் கடற்கரை ஊரான இரவிபுத்தன்துறையில் பிறந்து, சென்னை சிட்டியில் பேர் வாங்கி, 2018-இல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். சென்னை சிட்டி சாம்பியனான ஸீஸனில் அவர் அங்கே இல்லை! அடுத்த வருஷம் கல்கத்தா அணிக்குப் போய் அங்கே சாம்பியனானார். அவர் போனதை யார் குறை சொல்ல முடியும்? இந்த ஊரின் பெயரையே பாருங்கள். வலசை என்றால் பிழைப்பைத் தேடி இடம் பெயர்வது. அப்படி வந்தவர்கள் குடியேறிய இடத்துக்கும் அதே பெயர். குத்துக்கல்லோ நட்ட இடத்தை விட்டு நகராதது. ஒருவன் வலசை போகலாம், தப்பில்லை. அவன் புறப்பட்ட இடத்தில் கல் ஒன்று ஊன்றியிருக்கிறதா என்பதுதான் நம் கவலை.

இதுவரையில் ஒரு வார்த்தையும் பேசாமல் டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார அண்ணாச்சி, சர்க்கரை டப்பாவின் அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மாஸ்டரிடம் நீட்டினார். "ஐயா, நீங்கள்லாம் இவ்வளவு பேசுதீக. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார்.

மகளைப் பற்றிய காகிதம் அது. ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூட அணியில் ஆடுகிறாள். மதுரைப் பக்கத்தில் விளையாட்டு விடுதி ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. தகப்பனார் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். நான்கு நாளாகச் சர்க்கரை டப்பாவின் அடியில் கிடக்கிறது. "பொம்பளைப் பிள்ளை பந்து விளையாடி என்ன ஆகப் போவுதுன்னு வீட்டிலே எங்கம்மா கேக்காக" என்றார். தாயார் கேட்பதாகச் சொன்னாலும், கேள்வியில் பாதி அண்ணாச்சியுடையதுதான் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

கோடிகளையும் புள்ளிகளையும் உதறி எடுத்த சபை இப்போது வாயடைத்து உட்கார்ந்திருந்தது. உள்ளேயிருந்து பால் பாத்திரத்தோடு வந்த அந்தப் பெண்தான் மௌனத்தைக் கலைத்தாள். "2019-லே சென்னை சிட்டி மட்டுமா ஜயிச்சுது? மே மாசம் மதுரை சேது எப்.சி. லூதியானாவிலே போய் மணிப்பூர் போலீஸ் அணியை மூணுக்கு ஒண்ணுன்னு ஜயிச்சு இந்தியப் பெண்கள் லீக்கை வாங்கிச்சே, அதை ஏன் இந்த அண்ணன்மாரு சொல்லலை?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அட்டவணைக்காரர் அவசரமாகக் கைபேசியைத் தடவினார். இருந்தது. அதற்கு முந்திய வருஷம் கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை இரண்டுக்கு ஒன்றாக வென்று முதல் தடவையாகத் தேசியச் சாம்பியனானதும் இருந்தது. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே கணக்கில் வென்று மறுபடி சாம்பியனானதும் இருந்தது. "இதெல்லாம் இதிலேயே இருந்திருக்கு" என்று அவர் நம்மிடம் சொன்னபோது குரல் தாழ்ந்திருந்தது. நாமும் ஒன்றும் உயர்த்திப் பேசும் நிலையில் இல்லை. பத்திரிகைக்காரர்களான நாமும்தான் அந்த மே மாசத்தை மறந்திருந்தோம்.

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு காகிதத்தை இரண்டு தடவை படித்தார். படிப்பு அங்கேயே தொடரும் என்று போட்டிருக்கிறது என்றார். சாப்பாடு, தங்குமிடம் என்ன ஏற்பாடு என்பதையும் வாசித்துக் காட்டினார். மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துவர அனுமதி உண்டா என்று அண்ணாச்சி கேட்டார். அது காகிதத்தில் இல்லை. காலையில் விடுதிக்குப் பேசிக் கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

"கொண்டுபோய் விடணும்னா எப்படிப் போறது?" என்று அண்ணாச்சி மெல்லக் கேட்டார்.

"செங்கோட்டை வண்டியிலே ஏறினா ராஜபாளையம் வழியா நேரே மதுரை" என்றார் நீலச் சட்டை.

"ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு யார் நிற்பது? பஸ்ஸிலே புளியங்குடி, சிவகிரி வழியாப் போனா நினைச்ச நேரம் கிளம்பலாம்" என்றார் அட்டவணை.

"பஸ்ஸுக்கு எவ்வளவு, ரயிலுக்கு எவ்வளவு, கணக்குப் போட்டியா?"

மேஜை மறுபடி தட்டப்பட்டது. தம்ளர் மறுபடி துள்ளியது. மழை விட்டிருந்தபடியால் நாம் காசைக் கொடுத்துவிட்டு எழுந்தோம். காகிதம் சர்க்கரை டப்பாவின் அடிக்குத் திரும்பிப் போகவில்லை. மாஸ்டருடைய சட்டைப் பையில் இருந்தது.