அனுபவித்த ஆண்டுகளின் கணக்கு

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிப் படுகையோடு கூடக் கிடைக்கும் களிமண்ணின் தயவால் பீங்கான் தொழில் வேரூன்றிய விருத்தாசலத்தில், மின்சார பியூஸ் கேரியர்களும் பொம்மைகளும் செய்யும் சிறு தொழிற்கூடம் ஒன்றைக் கற்பித்துக்கொள்வோம். குத்தகைக் காலம் முடிந்து, வக்கீல் நோட்டீசும் வந்து சேர்ந்த பின்னரும், குத்தகைதாரர் சூளையை அணைக்காமலும் சாவியைக் கொடுக்காமலும் இருந்துவிடுகிறார். உடையவர் ஐந்தாவது வருஷ முடிவில்தான் மனம் துணிந்து வழக்குத் தொடுத்து, அதற்கு மேல் இரண்டு வருஷம் நடந்து டிக்ரி பெற்று, அமீனாவின் துணையோடு மனையை மீட்கிறார். 'மண் திரும்பிற்றே, அதுவே பெரிது' என்று ஊரார் சொல்ல, அவரும் அவ்வாறே எண்ணிச் சமாதானம் அடைந்துவிடுவதுதான் பெரும்பாலும் நாம் காண்பது. ஆனால் கடந்துபோன ஏழு வருஷங்களும் சொத்தின் ஒரு பாகமே என்பதும், அவற்றை அநியாயமாக அனுபவித்தவர் அதற்குக் கடன்பட்டவர் என்பதும் சட்டத்தின் கொள்கை.

வக்கீல்கள் 'மீன் பிராஃபிட்ஸ்' என்று வழங்கும் இந்த இடைக்கால இலாபத்தை, 1908ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 2ஆவது பிரிவு 12ஆவது உட்பிரிவு நிர்ணயிக்கும் முறை கவனிக்கத்தக்கது. உடையவர் எவ்வளவு இழந்தார் என்று அது கேட்பதில்லை. உரிமையின்றிச் சுவாதீனத்தில் இருந்தவர் உண்மையில் எவ்வளவு பெற்றார், அல்லது சாதாரண முயற்சி எடுத்திருந்தால் எவ்வளவு பெற்றிருக்கக்கூடும் என்று கேட்டு, அதன்மேல் வட்டியும் சேர்க்கிறது. ஆகையால் சூளையைக் குளிரவிட்டு, மனையில் முள் முளைக்கவிட்டவர், 'எனக்கு ஒரு காசும் வரவில்லையே' என்று கைவிரித்துத் தப்பிக்க முடியாது. அவருடைய சோம்பலுக்கு உடையவர் நஷ்டப்படவேண்டியதில்லை. அதே சமயம், அவர் தம் சொந்த முதலைப் போட்டு அங்கே புதிய சூளை கட்டியிருப்பாராகில், அந்த அபிவிருத்தியால் விளைந்த இலாபம் கணக்கில் சேராது. தவறு செய்தவனிடத்திலும் இவ்வளவு நிதானமாக நடந்துகொள்ளும் சட்டத்தைப் பற்றி நான் சற்று வியப்பதுண்டு.

1979இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவான ஓர் ஓட்டுத் தொழிற்சாலை வழக்கில், இடைக்கால இலாபம் நஷ்டஈட்டின் தன்மை உடையதாகையால், எல்லா வழக்குக்கும் பொருந்தும் ஒரே வாய்பாடு கிடையாது, நியாயத்துக்கு ஏற்ப நீதிமன்றம் அதை வகுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயிற்று. நடைமுறையில் அக்கம்பக்கத்துச் சொத்துகளின் வாடகையே பெரும்பாலும் அளவுகோலாக நிற்கும். அப்பீல் நடக்கும் காலத்தில் வெளியேற்ற உத்தரவை நிறுத்திவைக்கக் கோரும் வாடகைதாரர், பழைய சொற்ப வாடகையையே கொடுத்துவரலாம் என்ற எண்ணத்துக்கும் 2004இல் அதே நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை. டிக்ரி தேதி முதல் சந்தை வாடகையைக் கட்டும்படி நிபந்தனை விதிக்கலாம் என்றது.

உடையவர் தாமதிப்பதற்கும் விலை உண்டு. காலவரையறைச் சட்டப்படி, வழக்குக்கு முந்திய மூன்று வருஷத்து இலாபத்தையே கேட்கலாமாகையால், நம் கற்பனை மனையின் முதல் இரண்டு வருஷங்கள் திரும்பாமலே போய்விட்டன. வழக்குக்குப் பிந்திய இலாபமோ விசாரணை நடத்தி நிர்ணயிக்கப்படும்; சுவாதீனம் கிடைக்கும் வரை அது ஓடுமேனும், டிக்ரிக்குப் பின் மூன்று வருஷத்தைத் தாண்டாது. இவை எல்லாவற்றையும் பிராதிலேயே எழுதிக் கேட்டுவிடுவது நலம்.

ஆக்கிரமிப்பவர் அரசாங்கமே ஆனால்? இமாசலப் பிரதேசத்தில் 1967-68இல் சாலைக்காகக் கிரமப்படி கையகப்படுத்தாமலே எடுத்துக்கொள்ளப்பட்ட நிலத்துக்கு, எழுத்தறியாத எண்பது வயது விதவை ஒருவர் இழப்பீடு கேட்டபோது, நீண்டகால அனுபவத்தால் நிலம் தனக்கே சொந்தமாயிற்று என்று அரசு வாதாடியது. தன் குடிமகளின் நிலத்தைப் பற்றி ஓர் அரசு இவ்வாறு பேசலாகாது என்று கருதிய உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பின் 300-ஏ பிரிவை ஆதாரமாகக் கொண்டு, 2020 ஜனவரியில் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

விருத்தாசலத்துக்குக் கிழக்கே வளையமாதேவியில் நடந்ததோ நேர்மாறான விசித்திரம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பல வருஷங்களுக்கு முன்பே நிலத்தைக் கையகப்படுத்தியிருந்தும், சுவாதீனம் எடுக்காமல் விட்டிருந்தது. விவசாயிகள் வழக்கம்போல் உழுது பயிரிட்டார்கள். 2023 ஜூலையில் பரவனாற்று மாற்றுக் கால்வாய் தோண்ட, நின்ற நெற்பயிரின்மேல் இயந்திரங்கள் ஏறின. சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்த்தால், பயிரிட்டவர்களே நிறுவனத்துக்குக் கடன்பட்டவர்கள். ஆனால் சென்னை உயர் நீதிமன்றம், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் விவசாயிகளுக்கே வழங்கவும், செப்டம்பர் 15க்குள் அவர்கள் நிலத்தை ஒப்படைக்கவும் உத்தரவிட்டது. இத்தனை வருஷம் விதைப்பைப் பார்த்துக்கொண்டிருந்த உடையவர், அறுப்பு வரை பொறுக்காமற் போனதற்கு அந்தத் தொகை போதுமா என்று அவ்வூரார் கேட்டால், எனக்கு அது பிழையாகத் தோன்றாது.