ரசனை என்னும் அளவுகோல்

ஒரு பாட்டையோ படத்தையோ புத்தகத்தையோ பற்றி ஒருவர் மனத்தில் பட்டதை அப்படியே சொல்லும் சொந்தக் கருத்து, முறையான திறனாய்வுக்குக் கீழ்ப்பட்டது என்றே கல்வித் துறையில் பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கியத்தைப் பற்றியும் இசையைப் பற்றியும் எழுந்த பெரிய விவாதங்களுள் பல, யாரோ ஒருவர் தம் ரசனையை மட்டும் நம்பிப் பத்திரிகையில் எழுதிய சில பக்கங்களிலிருந்தே கிளம்பின. ரசனை என்பது இங்கே, கோட்பாட்டின் துணையை நாடாமல், எது உயர்ந்தது, எது மட்டமானது என்று மனம் பிரித்தறியும் பழக்கத்தைக் குறிக்கும். நிறையப் படித்தும் கேட்டும் பார்த்தும் அது மெல்ல மெல்ல வளர்கிறது.

இந்தப் பழக்கத்தை ஒரு வாழ்க்கை முறையாகவே ஆக்கிக்கொண்டவர், 'ரசிகமணி' என்று அழைக்கப்பட்ட டி.கே. சிதம்பரநாத முதலியார். சட்டம் படித்து, அறநிலையத் துறை ஆணையராகவும் பணியாற்றிய அவர், திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருந்த தம் வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்களைக் கூட்டிக் கவிதை பேசியதால், அந்தக் கூட்டத்துக்கே 'வட்டத்தொட்டி' என்று பெயர் வந்தது. ஒரு பாடலை எடுத்து, அதன் ஓசை எங்கே நின்று எங்கே ஓடுகிறது, உணர்ச்சி எந்தச் சொல்லில் திரும்புகிறது என்று காட்டிக்கொண்டே திரும்பத் திரும்பச் சொல்லிக் கேட்பவரை அதற்குள் இழுத்துக்கொள்வது அவருடைய முறையாக இருந்தது. இலக்கணமும் அருஞ்சொற்பொருளும் புலவர்களுக்கு உரியவை என்று தமிழ்ப் பாடலைத் தொடத் தயங்கிய ஆங்கிலம் படித்த தலைமுறை ஒன்று, அவருடைய பேச்சாலும் கடிதங்களாலும் கம்பரிடம் திரும்பி வந்தது.

ஆனால் ரசனை எந்த எல்லையில் நின்றுகொள்ள வேண்டும் என்பதற்கும் அவரே சான்றாக இருக்கிறார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட கம்பராமாயணத்தில், தம் மனத்துக்குக் கவிதையாகப் படாதவற்றைக் கம்பர் எழுதியிருக்க முடியாது என்று அவர் ஒதுக்கினார். எஞ்சிய பாடல்களிலும், ஓசையோ பொருளோ குறைவாகத் தோன்றிய இடங்களில் சொற்களைத் திருத்தினார். அதே காலத்தில் உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள், பல ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டு, ஒரே பாடல் சுவடிக்குச் சுவடி மாறி வருவதாகிய பாடபேதத்தைக் குறித்துவைத்து, தம் விருப்பத்தை மூலத்தின் மேல் ஏற்றாமல் உழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாடல் பிடிக்கவில்லை என்று சொல்ல எந்த வாசகருக்கும் உரிமை உண்டு. பிடிக்காததால் அது கவிஞருடையதே அன்று என்று முடிவுகட்டும் உரிமை ரசிகமணிக்கும் இல்லை.

ரசிகமணியின் நண்பரான கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, இதே வகைக் கருத்தைப் பத்திரிகை வாசகர்களின் பெருங்கூட்டத்துக்குக் கொண்டுசென்றார். 1930-களில் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் 'ஆடல் பாடல்' பகுதியை எழுதிய அவர், இசைப் புலவராகக் காட்டிக்கொள்ளாமல், கச்சேரிக்கு வந்து உட்கார்ந்த ஒரு நல்ல கேட்பாளராகவே பேசினார். பாட்டின் பொருள் கேட்பவருக்குப் புரிந்தால் இசையின் சுவை பெருகும் என்பது முதலில் அந்தக் கேட்பாளரின் அனுபவமாகவே சொல்லப்பட்டது. பிறகு, அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய காலத்தில், அதே அனுபவம் கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்ற பொதுக் கோரிக்கையாக வலுப்பெற்றிருந்தது. சங்கீத வித்வான்களிலும் ரசிகர்களிலும் பலர் அதைக் கடுமையாக எதிர்த்தபோதும் கல்கி பின்வாங்கவில்லை.

கல்கியின் கருத்து எப்போதும் சரியாக இருந்தது என்று சொல்ல முடியாது. 1930-களின் நடுவில், பாரதியார் உலக மகாகவிகளின் வரிசையில் வைக்கத்தக்கவர் என்று எழுத்தாளர் வ.ரா. வாதிட்டபோது, அவர் தேசிய கவியே தவிர அந்த வரிசைக்கு உரியவர் அல்லர் என்ற பக்கத்தில் கல்கி நின்றார். அதை மறுத்துக் கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் எழுதிய கட்டுரைகள் 'கண்ணன் என் கவி' என்ற நூலாயின. பாரதியின் கவிதையை நுணுகி ஆராய்ந்த முதல் நூல்களுள் அதற்குத் தனி மதிப்பு உண்டு. பொறுப்போடு சொல்லப்பட்ட ஒரு தவறான கருத்து, எதிர்த் தரப்பாரைப் பாரதியின் வரிகளுக்குள் சென்று காரணம் தேட வைத்தது என்பதால், பாராட்டுரைகள் பல சேர்ந்தும் செய்யாத பணியை அந்தப் பிணக்குச் செய்தது. பின்னாளில் எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப முன்னின்று வாசகர்களிடம் நிதி திரட்டியவரும் கல்கியேதான். 1947-இல் அது திறக்கப்பட்டது.

சொந்தக் கருத்தை விமர்சனத்தின் அடித்தளமாகவே வைத்து அதற்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவர் க.நா. சுப்ரமண்யம். 'பொய்த்தேவு' போன்ற நாவல்களை எழுதியும், நட் ஹாம்சன், பேர் லாகர்க்விஸ்ட் முதலியோரைத் தமிழுக்குக் கொண்டுவந்தும் பெயர் பெற்ற அவர், நல்ல நூல்கள் எவை என்ற பட்டியலைத் தம் கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் போட்டார். தொடர்கதைகள் லட்சக்கணக்கான வாசகர்களை ஈர்த்துக்கொண்டிருந்த காலத்தில், விற்பனையும் புகழும் தரத்துக்குச் சான்று ஆகா என்று சொல்லிப் புகழ்பெற்ற பெயர்களை விலக்கிவிட்டு, புதுமைப்பித்தன், மௌனி, ஆர். சண்முகசுந்தரம் போன்றோரை முன்னிறுத்தியது துணிவான செயல். 'படித்திருக்கிறீர்களா?' என்ற நூலில் அவர் ஒவ்வொரு புத்தகத்தையும் சில பக்கங்களில் அறிமுகப்படுத்துகிறார். நீண்ட ஆராய்ச்சி அங்கே இல்லை. படித்து முடித்த ஒரு மனிதர், தமக்குத் தெரிந்த உலக இலக்கியத்தின் அருகில் அதை வைத்துப் பார்த்துவிட்டுத் தம் முடிவைச் சொல்கிறார், அவ்வளவே.

அவ்வளவு போதுமா என்று கேட்டவர்களுள் முதன்மையானவர், அவரைப் போலவே 1912-இல் பிறந்த சி.சு. செல்லப்பா. 1959-இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய செல்லப்பா, ஒரு படைப்பின் சொல், உருவம், உத்தி ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டி, முடிவுக்குப் போன வழியை வாசகர் தாமே நடந்து பார்க்கும்படி செய்யும் அலசல் முறையை வற்புறுத்தினார். இலங்கையிலிருந்து எழுந்த எதிர்ப்பு இன்னும் அடிப்படையானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தின் முதல் தலைவராக இருந்த க. கைலாசபதி, தனிமனிதருடையது என்று தோன்றும் ரசனைகூட அவர் பிறந்து வளர்ந்த வர்க்கத்தாலும் கல்வியாலும் உருவாவது என்றும், அதை என்றும் மாறாத இலக்கியத் தரம் போலக் காட்டுவது ஒரு பிரிவினரின் விருப்பத்தை எல்லோருக்கும் சட்டமாக்குவதாகும் என்றும் கருதினார்; க.நா.சு. குழுவினரை ஆராய்ந்து 1980-இல் 'திறனாய்வுப் பிரச்சினைகள்' என்ற நூலையே வெளியிட்டார்.

கைலாசபதியின் கேள்வி நியாயமானது. ஒருவருக்கு எது இயல்பாகப் பிடிக்கிறது என்பதில் அவருடைய வீடும் பள்ளியும் சாதியும் கலந்திருப்பதை மறுக்க இயலாது. ஆனால் பிறந்த சூழல் ரசனைக்கு முழு எல்லையாகிவிடுவதில்லை என்பதையும் க.நா.சு.வின் வாசிப்பே காட்டுகிறது. வலங்கைமானில் பிறந்து தஞ்சை மண்ணைச் சார்ந்த அவர், கொங்கு நாட்டு வேளாண் குடும்பத்தைச் சொல்லும் 'நாகம்மாள்' நாவலை மதித்தார். தென்கோடிச் சமூகம் ஒன்றின் வழக்குகளும் பேச்சும் நிறைந்த நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' நாவலைத் தாமே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

திரைப்படத்தில் நிலைமை வேறு. ஆனந்த விகடன் விமர்சனத்தோடு மதிப்பெண்ணும் போட்ட காலத்தில், 1977-இல் வெளிவந்த பாரதிராஜாவின் '16 வயதினிலே' படத்துக்குக் கிடைத்த 62.5 மதிப்பெண்ணை இன்றும் பலர் நினைவிலிருந்து சொல்கிறார்கள்; அந்த விமர்சனம் சொன்ன காரணங்களைச் சொல்லக்கூடியவர் அரிது. எண் எளிதில் பரவுகிறது, காரணம் உதிர்ந்துவிடுகிறது. இதற்கு மாறாக, 1965-இல் தொடங்கிய 'கணையாழி' இதழின் கடைசிப் பக்கத்தில் எழுத்தாளர் சுஜாதா எண் ஏதும் தராமல், பார்த்த படம், கேட்ட சங்கீதம், கையில் கிடைத்த கவிதைத் தொகுப்பு ஆகியவற்றைப் பற்றிச் சில வரிகள் எழுதினார். பின்பு ஆனந்த விகடனில் 'கற்றதும் பெற்றதும்' தொடரில் அதே பணி பெருந்திரளான வாசகர்களிடம் சென்றது. சில வரிகளுக்குள் முழு நியாயம் அடங்காது என்றாலும், பல ஆண்டுகள் தொடர்ந்து படித்த வாசகருக்கு அவருடைய விருப்பும் வெறுப்பும் பழகிப்போய், எந்தச் சிபாரிசைத் தாம் ஏற்கலாம், எதை விட்டுவிடலாம் என்று தெரிந்திருந்தது. சொந்தக் கருத்து வாசகருக்குப் பயன்படுவது இந்தப் பழக்கத்தினால்தான்; பெயரும் முகமும் தெரியாத பலருடைய கருத்தைக் கூட்டிச் சராசரி எடுத்தால் இது கிடைக்காது.

க.நா.சு.வுக்கு 1986-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 'இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்' என்ற விமர்சன நூலுக்காகவே. நாவல் படிப்பதில் ஆர்வமுள்ள எவரும் அவருடைய 'படித்திருக்கிறீர்களா?' நூலைத் தேடி எடுத்து, அதில் சொல்லப்பட்டவற்றுள் இரண்டு மூன்றையேனும் வாசித்து, அவர் முடிவை ஏற்பதானாலும் மறுப்பதானாலும் காரணத்தோடு எழுதிப் பார்க்க வேண்டும்.